கருகியவர்கள் ஊரில் ஒரு நடை

"ஓசியில ஊரைச் சுத்திக் காட்டுறதுக்கு அவுகளுக்கு என்ன வேண்டுதலா?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

மகள் சிரித்தாள். ஸ்பெயினில், வலென்சியா நகரத்தில் அவள் வாடகைக்கு இருந்த சின்ன வீட்டின் அடுப்படியில் உட்கார்ந்து மூவரும் உப்புமா சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அவள் அங்கே பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறாள். ஊருக்கு வர அவளுக்குத் தோதுப்படவில்லை என்று எங்களை வரவழைத்திருந்தாள். எங்களுக்கும் அது வசதியான நேரம்தான். சிவகாசியில் காலண்டர் சீசன் பொங்கலோடு ஓய்ந்துவிடும். சித்திரை, வைகாசியில் அச்சகத்தில் ஈ ஓட்டிக்கொண்டிருப்போம்.

"வேண்டுதல் இல்லப்பா. நடந்து ஊரைக் காட்டுறதுதான் அவங்க தொழிலு. கடைசியில நமக்கு இஷ்டப்பட்டதைக் குடுக்கலாம். குடுக்காமயும் வரலாம்."

"ஒரு மனுசன் காலு வலிக்க நடந்து காட்டிருக்கான், குடுக்காம எப்படி வர்றது? அப்புறம் என்ன ஓசி?"

"உங்க இஷ்டம்ப்பா. சனிக்கிழம எனக்கு லேப்ல வேல இருக்கு. வீட்டுக்குள்ளயே அடஞ்சு கெடக்காம நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க. ஷாத்தீவான்னு பழைய ஊரு, ரயில்ல பக்கந்தான். இங்கிலீஷ்ல சொல்வாங்க. அம்மா உங்களுக்குத் தமிழ்ல சொல்லிருவா."

அம்மா சொல்லிவிடுவாள் என்று அவள் சாதாரணமாகச் சொல்லிவிட்டாள். எனக்குத்தான் திக்கென்றது. விருதுநகரில் கல்லூரிக்குப் போய் பி.காம். முடித்தவள் நான். அச்சக ஆபீசில் வெளிமாநில ஆர்டர்களுக்கு இங்கிலீஷில் கடிதம் எழுதுவேன், காலண்டர் தாள்களுக்குப் புரூஃப் பார்ப்பேன். எழுத்து பழக்கம், பேச்சு பழக்கமில்லை. அதோடு, எங்கள் வீட்டில் பேசுகிறவள் நானல்ல. அவர் கேட்பார், நான் பதில் சொல்வேன். அதுவும் இந்தப் பத்துப் பன்னிரண்டு வருடமாக அவர் கேட்பதே குறைந்துபோயிருந்தது.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். அவர் முன்பு நாரணாபுரம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேனாக இருந்தார். ஒரு சித்திரை வெயிலில் மருந்து ரூம் வெடித்தது. பட்டாசுக்குப் போடுகிற வெடிப்பொடியைத்தான் நாங்கள் மருந்து என்போம். அவரோடு பல வருடம் சேர்ந்து வேலை பார்த்த சிநேகிதர் அந்த ரூமுக்குள்ளேயே போய்விட்டார். இவர் வெளியே நின்றதால் உயிர் பிழைத்தார். இடது காது போனது. கழுத்தின் இடது பக்கத்திலிருந்து மணிக்கட்டு வரை தீக்காயம். ஆறிய பிறகும் தோல் சுருங்கி, பளபளவென்று வேறு நிறமாகவே நின்றுவிட்டது. அதற்குப் பிறகு அவர் பட்டாசு வேலைக்குப் போகவில்லை. நான் வேலை பார்த்த அச்சகத்திலேயே பேப்பர் குடோனில் சேர்ந்தார். அக்னி நட்சத்திரத்திலும் முழுக்கைச் சட்டைதான், பொத்தான் கழுத்து வரைக்கும். நாரணாபுரம் வழியாகப் போகிற பஸ்ஸில் ஏற மாட்டார். அந்த நாளைப் பற்றி என்னிடம்கூட ஒரு வார்த்தை பேசியதில்லை. நானும் கேட்டதில்லை. வீட்டில் தோசை கருகினால்கூட 'கொஞ்சம் செவந்துபோச்சு' என்றுதான் சொல்வேன்.

ஆக, அந்தச் சனிக்கிழமை மகள் எங்களை ரயிலேற்றி விட்டாள். ஜன்னலுக்கு வெளியே நெடுக ஆரஞ்சுத் தோட்டங்கள். "நம்ம பக்கம் கருவேல முள்ளு மாதிரி இங்க ஆரஞ்சு" என்றார். அன்று அவர் பேசிய முதல் பேச்சு அது.

ஷாத்தீவா ஒரு மலையடிவாரத்து ஊர். மலை முதுகின் மேல் நீளமாக ஒரு கோட்டை. கீழே மரங்கள் கவிந்த பெரிய சாலையில் மஞ்சள் குடையைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் நின்றாள். நாற்பது வயது இருக்கும். முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். அவள்தான் எங்களுக்கு ஊரைக் காட்டப் போகிறவள். ஜெர்மனியிலிருந்து ஒரு வயதான தம்பதி, கொரியாவிலிருந்து இரண்டு பெண் பிள்ளைகள், அப்புறம் நாங்கள். அவ்வளவுதான் கூட்டம்.

ஒவ்வொருவரிடமும் எந்த ஊர், அங்கே என்ன விசேஷம் என்று கேட்டுக்கொண்டு வந்தாள். என் முறை வந்தது. சிவகாசி என்றேன். காலண்டர், தீப்பெட்டி, பட்டாசு என்றேன்.

"பட்டாசா!" என்று அவள் முகம் மலர்ந்தது. "அப்படியானால் இது உங்கள் ஊர் மாதிரிதான். இந்தப் பக்கத்து ஆட்களுக்குக் கல்யாணம், திருவிழா எதுவானாலும் வெடிக்காமல் முடியாது" என்றாள்.

"என்ன கேக்காக?" என்றார் இவர்.

"நம்ம ஊருல என்ன விசேஷம்னு கேட்டாக. காலண்டர்னு சொன்னேன்."

நடக்க ஆரம்பித்தோம். அவருக்கு வலது காதுதான் கேட்கும் என்பதால் நான் அவருக்கு வலது பக்கம் நடந்தேன். யோசித்துப் பார்த்தால், கல்யாணமான இத்தனை வருடத்தில் நாங்கள் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நடந்ததே இல்லை. சிவகாசியில் அவர் டி.வி.எஸ். ஓட்டுவார், நான் பின்னால் உட்கார்ந்திருப்பேன். கோயிலுக்குப் போனாலும் அவர் முன்னால், நான் பின்னால். இங்கே தெருக்கள் குறுகல். இரண்டு பேர் தோளோடு தோள் உரசித்தான் நடக்க முடியும். முதலில் எனக்குக் கூச்சமாக இருந்தது.

மொழிபெயர்ப்பும் முதலில் தடுமாற்றம்தான். அவள் பத்து வாக்கியம் பேசினால் நான் ஒரு வாக்கியம் சொன்னேன். "இது பழைய வீடாம்." "இது அதைவிடப் பழைய வீடாம்." அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"அம்புட்டு நேரம் அந்தப் பொண்ணு கையை ஆட்டி ஆட்டிப் பேசுது. நீ பழைய வீடுங்க. முழுசாச் சொல்லேன்."

அதற்குப் பிறகு முழுதாகச் சொல்ல முயன்றேன். புரியாத இடத்தில் அவளிடமே திருப்பிக் கேட்டேன். அவள் சலிக்காமல் எளிதான இங்கிலீஷில் மறுபடி சொன்னாள். இவரும் கேள்வி கேட்க ஆரம்பித்தார்.

"இம்புட்டு ஏத்தமா இருக்கு. மேல இருக்க வீட்டுக்கெல்லாம் அந்தக் காலத்துல லோடு எப்படிக் கொண்டுபோனாகன்னு கேளு."

கேட்டேன். கழுதைகள் என்றாள் அவள். பழைய கதவுகளின் பக்கத்தில் சுவரில் பதித்திருந்த இரும்பு வளையத்தைக் காட்டி, கழுதையைக் கட்டுவதற்கு என்றாள். ஜெர்மனிக்காரர் குனிந்து அதைப் படம் எடுத்தார். பிறகு ஒவ்வொரு இடத்திலும் அவள் பேசி முடித்ததும் கொரியாப் பிள்ளைகள் இவர் முகத்தைப் பார்க்க ஆரம்பித்தார்கள், அடுத்து என்ன கேட்கப்போகிறார் என்று.

ஒரு முக்கில் நின்று அவள் சொன்னாள், ஐரோப்பாவிலேயே முதன்முதலில் காகிதம் செய்த ஊர்களில் இது ஒன்று, அரேபியர்கள் இங்கே இருந்தபோது கொண்டுவந்த தொழில் என்று. நான் சொன்னதும் இவர் அப்படியே நின்றுவிட்டார்.

"பேப்பரா? நம்ம பேப்பரா?"

"ஆமாங்க. பழைய துணியைக் கூழாக்கிச் செய்வாகளாம்."

"மில்லு இப்ப இருக்கா?"

"அதெல்லாம் போயிருச்சாம்."

"அடடா" என்றார், நேற்று மூடிய மில்லுக்கு வருத்தப்படுவது போல. அவர் முகத்தில் ஒரு சிரிப்பு. நான் அதை வெகு நாளாகப் பார்த்திருக்கவில்லை.

அப்புறம் ஒரு அருங்காட்சியகத்துக்குள் கூட்டிப்போனாள். பழைய தானியக் கிடங்கு அது, உள்ளே கல் தூண்கள், நல்ல குளிர்ச்சி. ஒரு சுவரில் பெரிய ஓவியம் தொங்கியது. யாரோ ஒரு ராஜா. தலைகீழாகத் தொங்கினார். கால் மேலே, தலை கீழே.

"ஆணி கழண்டுபோச்சா?" என்றார் இவர்.

அவள் ராஜாவுக்கு முன்னால் நின்று கதையைச் சொல்ல ஆரம்பித்தாள். நான் ஒவ்வொரு வாக்கியமாக இவர் காதில் சொல்லிக்கொண்டே வந்தேன். ஆட்சிக்காக இரண்டு பேர் சண்டை போட்டார்கள். இந்த ஊர் தோற்ற பக்கம் நின்றது. ஜெயித்த ராஜா, இந்த ராஜாதான், பழி வாங்கினார்.

அந்த இடத்தில் நான் நிறுத்தினேன். அவள் சொன்ன அடுத்த வாக்கியம் எனக்கு நன்றாகவே புரிந்தது. ராஜா ஊருக்குத் தீ வைத்தார். அதற்கும் அடுத்த வாக்கியமும் புரிந்தது. அன்றிலிருந்து இந்த ஊர்க்காரர்களுக்கு ஒரு பேர் வந்தது. முதலில் மற்றவர்கள் சொன்னார்கள். இப்போது அவர்களே தங்களைப் பெருமையாக அப்படித்தான் சொல்லிக்கொள்கிறார்கள். அந்தப் பெயரைத் தமிழில் சொல்ல என் வாய் எழவில்லை.

"என்ன, நிறுத்திட்ட?"

"ராஜா ஊரைப் புடிச்சுக்கிட்டாராம்."

"அதுக்கா தலைகீழாத் தொங்க விட்டிருக்காக?" அவர் என் முகத்தையே பார்த்தார். "அது வேற என்னமோ சொல்லுச்சு. சொல்லு."

கல் தூணைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். "ராஜா ஊரை எரிச்சுட்டாராம். முழு ஊரும் எரிஞ்சுபோச்சாம். அதனால இந்த ஊர்க்காரங்களுக்குக் கருகினவங்கன்னு பேரு. அவங்களே அப்படித்தான் சொல்லிக்கிடுவாங்களாம். நாங்க கருகினவங்க அப்படின்னு."

 அவர் தலைகீழ் ராஜாவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கழுத்துப் பொத்தானைக் கை தானாகத் தடவிப் பார்த்தது. பிறகு மெதுவாக, யாரிடமோ தகவல் சொல்வது போலச் சொன்னார்.

"அப்ப நானும் இந்த ஊர்க்காரன்தான்."

 என் பக்கம் திரும்பி, "அதை அவுககிட்டச் சொல்லு" என்றார்.

"வேண்டாங்க."

"சொல்லு. நல்லபடியாத்தான சொல்லுதேன்."

எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். என் கணவரும் கருகியவர், பட்டாசுக் கம்பெனியில், அதனால் தானும் இந்த ஊர்தான் என்கிறார்.  அவள் மஞ்சள் குடையைச் சுவரோரம் சாத்திவிட்டு வந்து, இவருடைய இடது கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். அவர்கள் மொழியில் ஏதோ சொன்னாள். இங்கிலீஷில் சொல்ல அவளுக்கும் தோன்றவில்லை போலிருக்கிறது, நானும் கேட்கவில்லை. ஜெர்மனி அம்மாள் என் முதுகில் கையை வைத்தார்.

வெளியே வந்தபோது வெயில் ஏறியிருந்தது. ஊர் நடுவில் வரிசையாகக் குழாய்கள் கொட்டுகிற ஒரு பழைய நீரூற்றுக்குக் கூட்டிப்போனாள். மலைத் தண்ணீர், குடிக்கலாம் என்றாள். எல்லோரும் கையை நீட்டிக் குடித்தோம். இவர் முழுக்கைச் சட்டையின் பொத்தானைக் கழற்றி முழங்கை வரை சுருட்டிவிட்டார். இரண்டு கைகளையும் நீட்டித் தண்ணீரைப் பிடித்தார். பிடித்தவர் குடிக்கவில்லை. கை நிறையத் தண்ணீரோடு அப்படியே நின்றார். விரல்களின் இடுக்கு வழியாக எல்லாம் ஒழுகித் தீர்ந்தது.

"தலை சுத்துதா? உக்காருதீகளா?" என்றேன்.

"ஒண்ணுமில்ல." மறுபடி பிடித்து முகத்தைக் கழுவிக்கொண்டார். சட்டைக் கையை இறக்கிவிடவில்லை.

கடைசி இடம் பெரிய மாதா கோயில். அதன் முன்னால் சதுக்கத்தில் கோட்டும் சூட்டுமாக ஒரு கூட்டம். உள்ளே கல்யாணம் நடக்கிறது, இப்போது வெளியே வருவார்கள், நமக்கு அதிர்ஷ்டம் என்றாள் எங்களைக் கூட்டிவந்தவள். அப்போதுதான் இவர் என் கையைச் சுரண்டினார்.

"அங்க பாரு."

இரண்டு கம்பங்களுக்கு நடுவில் மாலை போல வளைத்துக் கட்டியிருந்தது சரவெடி. நம் ஊர்ச் சரவெடி போலச் சிவப்பு இல்லை, ஒவ்வொன்றும் கொஞ்சம் பருமன். ஆனால் பார்த்த கணத்தில் எங்கள் இருவருக்கும் தெரிந்துவிட்டது. தீபாவளிக்குக்கூட வாசல் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளறையில் உட்கார்ந்திருக்கிற மனிதர் அவர். "போயிருவோமா?" என்று கேட்டேன். அவர் கூட்டத்தைத் தாண்டிக் கம்பத்தை நோக்கி நடந்தார்.

கம்பத்தடியில் தோல் பை மாட்டிய ஒரு ஆள் திரியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். இவர் அவருக்கு எதிரே போய் நின்றார். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு வார்த்தை கிடையாது. அந்த ஆள் நிமிர்ந்து, சுருட்டிவிட்ட சட்டைக்குக் கீழே இவர் கையைப் பார்த்தார். பிறகு தன் வலது கையை விரித்துக் காட்டினார். சுண்டுவிரல் பாதிக்கு மேல் இல்லை. இவர் தலையை ஆட்டினார். அவரும் ஆட்டினார். பத்த வைக்கிற ஊதுவத்தி போன்ற ஒன்றை எடுத்து இவரிடம் நீட்டினார், நீங்கள் வைக்கிறீர்களா என்பது போல.

நான் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இவர் அதை வாங்கவில்லை. இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார். திரும்பி என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார்.

மணி அடித்தது. பெண்ணும் மாப்பிள்ளையும் வாசலில் வந்து நிற்க, அந்த ஆள் நெருப்பை வைத்தார். படபடவென்று ஆரம்பித்துக் கல் சுவர்களில் மோதி, போகப் போகப் பெரிதாகி, கடைசியில் இடி போல முடிந்தது. நான் இரண்டு காதையும் பொத்திக்கொண்டேன். இவர் கையைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடாமல் பார்த்தார். உடம்பு ஒவ்வொரு வெடிக்கும் அதிர்ந்தது. ஆனால் நகரவில்லை. புகை எங்கள் மேல் வந்தது. அதே மருந்து வாசம். சிவகாசியில் கம்பெனி வேனிலிருந்து சாயங்காலம் இறங்குகிறவர்களின் துணியில் வருகிற வாசம்.

எல்லோரும் கைதட்டினார்கள். பெண்ணின் அப்பா போல ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பாத்தியா" என்றார் இவர். "சத்தம் கேட்டதும் ஒரு ஆளும் ஓடலை."

எங்கள் பக்கத்தில் பகலில் வெடிச்சத்தம் கேட்டால் முதலில் வாசலுக்கு வந்து எந்தத் திசையில் புகை என்று பார்ப்போம். அடுத்து போனை எடுப்போம். அந்தச் சத்தத்துக்குக் கைதட்டுகிறவர்களை நானும் அன்றுதான் பார்த்தேன். நாங்கள் செய்து அனுப்புவதெல்லாம் எங்கேயோ இப்படிக் கைதட்டு வாங்கத்தான் என்பது எனக்குத் தெரியாததல்ல. தெரிந்திருந்தது, பார்த்ததில்லை.

நடை அங்கேயே முடிந்தது. மகள் இவர் சட்டைப் பையில் வைத்துவிட்டிருந்த நோட்டை நாலாக மடித்து, மொய் வைப்பது போல மஞ்சள் குடைக்காரியின் உள்ளங்கையில் வைத்து மூடினார். என்ன நோட்டு என்று நானும் பார்க்கவில்லை, அவளும் பார்க்கவில்லை. என்னை மட்டும் கட்டிப்பிடித்து, "நீங்கள் நன்றாகச் சொன்னீர்கள்" என்றாள். அவளுக்குத் தமிழ் தெரியாது. நான் என்ன சொன்னேன், நன்றாகச் சொன்னேனா என்று அவளுக்கு எப்படித் தெரியும்? ஆனாலும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

திரும்பி வருகிற ரயிலில் இவர் ஜன்னலோரம் உட்கார்ந்தார். நான் வலது பக்கம். கொஞ்ச தூரம் போனதும் ஜன்னலைப் பார்த்தபடியே பேச ஆரம்பித்தார்.

"அன்னைக்கு நான் தண்ணி குடிக்கத்தான் வெளிய வந்தேன்."

நான் மடியில் இருந்த பையைக் கீழே வைத்தேன்.

"வெயிலு தாங்கலை. நான் போயிக் குடிச்சுட்டு வாரேன்னு சொன்னேன். அவன், எனக்கும் ஒரு சொம்பு கொண்டாந்து குடுலேன்னான். நான் குடிச்சுட்டு, சொம்புல அவனுக்குப் புடிச்சுக்கிட்டு இருந்தேன். சொம்பு நெறையலை. அதுக்குள்ள."

அவ்வளவுதான். அழவில்லை. நானும் அழவில்லை, வீட்டுக்கு வந்து குளியலறையில்தான் அழுதேன். ரயிலிலேயே அவரிடம், "அந்த வீட்டுக்கு ஒரு தடவை போயிட்டு வரலாங்களா?" என்று கேட்டேன். அந்த வீடு என்றால் சிநேகிதர் வீடு. அவர் மனைவி நாரணாபுரத்தில்தான் இருக்கிறாள். காரியத்துக்குக்கூட இவரால் போக முடியவில்லை, அப்போது ஆஸ்பத்திரியில் கிடந்தார். அப்புறம் போகவே இல்லை.

"எந்த மூஞ்சியோட போக" என்றார். சற்று நேரம் கழித்து, "போவோம்" என்றார்.

ஆனி மாதம் ஊருக்கு வந்தோம். வந்த இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை காலையில், நான் கேட்காமலே, "கிளம்பு" என்றார். நாரணாபுரம் பஸ்ஸில் ஏறினோம். ஊருக்குக் கொஞ்சம் முன்னாலேயே இறங்கச் சொன்னார்.

"இங்கன இருந்து நடப்போம். உனக்குக் காட்டுதேன்."

மேல்காற்று புழுதியை வாரி அடித்தது. அவர் கையைக் காட்டிக் காட்டிச் சொல்லிக்கொண்டே வந்தார். இந்த வேப்பமரத்தடியில்தான் கம்பெனி வேன் நிற்கும். இது டீக்கடை, அப்போது ஓலைக் கொட்டகை. அங்கன ஒரு சுமைதாங்கிக் கல் கிடந்தது, அதில் உட்கார்ந்துதான் இரண்டு பேரும் பீடி குடிப்பார்கள், உள்ளே நெருப்பு கொண்டுபோகக் கூடாதே, அதனால் இங்கேயே குடித்து முடித்துவிட்டு, தீப்பெட்டியைக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டுத்தான் போவார்கள். அவர் பீடி குடிப்பார் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். வழியில் பைக்கில் வந்த அச்சகத்து ஆள் ஒருவர் பிரேக் பிடித்து, "என்னண்ணே, வண்டி ரிப்பேரா?" என்று கேட்டார். "இல்லலே, சும்மா நடக்கோம்" என்றார் இவர். அந்த ஆளுக்குப் புரியவில்லை.

சிநேகிதரின் மனைவி வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்து அப்படியே நின்றாள்.

"வாங்கண்ணே. வாங்க மதினி. இப்பத்தான் வழி தெரிஞ்சுச்சா?" கோபம் மாதிரிதான் இருந்தது. ஆனால் கேட்டுக்கொண்டே பாயை உதறி விரித்தாள்.

அவள் தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்க்கிறாள். மகள் மதுரையில் நர்சிங் படிக்கிறாள். இதையெல்லாம் அவள் சொல்ல, நான் கேட்டுக்கொண்டிருந்தேன். இவர் சுவரில் மாலை போட்ட படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று குறுக்கே பேசினார்.

"ஏத்தா, நான் ஒண்ணு சொல்லணும். அன்னைக்கு அவன் எங்கிட்டத் தண்ணி கேட்டான். நான் கொண்டுபோயிக் குடுக்கலை."

ரயிலில் என்னிடம் சொன்னதை அப்படியே அவளிடம் சொன்னார். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டாள். சொல்லி முடித்தார். பக்கத்து வீட்டு டி.வி. சத்தம் கேட்டது.

"தண்ணிதான் கேட்டாகளா?" என்றாள் அவள்.

"ஆமாத்தா."

"பயந்துபோயிக் கெடந்தாகளோன்னு நெனச்சேண்ணே. இத்தனை வருசமா அதேதான் எனக்கு. தீயைப் பாத்து ஓடப் பாத்தாகளோ, கத்துனாகளோ, எம்பேரைச் சொன்னாகளோன்னு. யாரக் கேட்டாலும், ஒண்ணும் தெரிஞ்சிருக்காதுத்தா, பட்டுனு போயிட்டாருன்னு சொல்லுதாக. அவுக பாத்தாகளா? நீங்க ஒருத்தர்தான் கூட இருந்தது. நீங்க வரவே இல்ல."

"பயப்படலத்தா. ஒண்ணுமே தெரியாது அவனுக்கு. சிரிச்சுக்கிட்டுத்தான் கேட்டான். ஒம் மகளுக்குக் காது குத்தணும், கெடா எம்புட்டுக்குக் கெடைக்கும்னு பேசிக்கிட்டு இருந்தோம். என்னைக் கஞ்சப்பயன்னு கேலி பண்ணான்."

அவள் அழுதாள். அழுகையோடே, "கெடா வாங்கணும்னுதான் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சாக" என்றாள். நான் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தவள், "எனக்கு அந்த எடத்தைக் காட்டுங்கண்ணே" என்றாள். அவள் அந்த வளாகத்துக்குள் ஒரு நாளும் போனதில்லை. அன்றைக்கு அவளை கேட் வாசலிலேயே நிறுத்திவிட்டார்களாம்.

மூன்று பேரும் நடந்தோம். கம்பெனி அப்போதே மூடிவிட்டது. கேட் இல்லை, தூண் மட்டும் நின்றது. ரூமுக்கு ரூம் தள்ளித் தள்ளிக் கட்டியிருந்த கட்டடங்கள் பல இன்னும் நின்றன, கதவும் கூரையும் இல்லாமல். நடுவில் எல்லாம் கருவேல முள். இவர் ஒரு குச்சியை ஒடித்து முள்ளை விலக்கிக்கொண்டே முன்னால் போனார். ஒரு இடத்தில் நின்றார். அங்கே கட்டடம் இல்லை. தரைமட்டமாகச் சிமெண்டுத் தளம் மட்டும் இருந்தது.

"இது மருந்து ரூம். அவன் இந்தப் பக்கம் உக்காந்திருந்தான், கதவைப் பாத்து. நான் அங்கன."

அவர் காட்டிய இடத்தில் தண்ணீர்த் தொட்டியின் இடிந்த சுவர் தெரிந்தது. அவள் தளத்தின் மேல் ஏறி, அவர் சொன்ன இடத்தில் உட்கார்ந்தாள். கதவு இருந்திருக்க வேண்டிய பக்கம் பார்த்தாள். காற்றில் புடவைத் தலைப்பு பறந்தது, இழுத்துச் செருகிக்கொண்டாள். நாங்கள் இருவரும் கீழே நின்றோம்.

"பக்கந்தான்" என்றாள் கொஞ்ச நேரம் கழித்து. "கூப்பிட்டாக் கேக்கற தூரந்தான்."

"ஆமாத்தா."

இறங்கிவந்து புடவையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டாள். "வெயில் ஏறுது. வாங்க, சோறு பொங்கணும். சாப்பிடாமப் போனீகன்னா அப்புறம் நான் பேச மாட்டேன்."

வீட்டுக்கு வந்து உலை வைத்தாள். நான் வெங்காயம் உரித்தேன். இவர் வாசல் படியில் உட்கார்ந்து, அவளுடைய பழைய மிக்ஸியின் வயரைப் பிரித்துச் சுற்றிக்கொண்டிருந்தார். பருப்புக்குழம்பும் கத்தரிக்காயும். இரண்டாவது தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். மகள் ஆடிக்கு லீவில் வருவாள், அப்போது மறுபடி வரவேண்டும் என்றாள் அவள். சரி என்றோம்.